முத்துக்கரையில் அந்நிய அதிகாரியின் வீடு

1700-இல் எழுதிய கடிதம் ஒன்றில், பிரெஞ்சு இயேசு சபைத் துறவி பியேர் மார்த்தேன் தூத்துக்குடிக்கு இரண்டு முகங்கள் இருப்பதாகச் சொல்கிறார். கடலில் இருந்து பார்த்தால் அழகிய பட்டினம். துறையைக் காத்து நிற்கும் இரண்டு தீவுகளை ஒட்டி உயர்ந்த கட்டடங்கள், நீரோரமாக விசாலமான பண்டகசாலைகள், ஒல்லாந்தர் சில ஆண்டுகளுக்கு முன்பு கட்டிய சிறிய கோட்டை. கரையில் கால் வைத்ததும் அந்த அழகெல்லாம் போய்விடுகிறது. பனையோலைக் குடிசைகள் பரந்து கிடக்கும் பெரிய கிராமம்தான் மிஞ்சுகிறது.

கோட்டை எதற்காகக் கட்டப்பட்டது என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். உள்நாட்டில் இருந்து வருகிறவர்களின் தொல்லையில் இருந்து தப்புவதற்காக. நிலம் மதுரை நாயக்கருடையது. அஞ்சுவதும் நாயக்கரின் ஆட்களுக்கு. இன்னொருவர் மண்ணில் குடியிருந்துகொண்டு, அந்த மண்ணுக்குரியவருக்கு எதிராகவே ஒரு வணிகக் கம்பெனி மதில் எழுப்பியிருக்கிறது. முத்துக்குளித்துறையின் ஐந்நூறு ஆண்டு அரசியலில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான்: அந்நிய ஆட்சியின் ஆள் இங்கே எங்கே தங்குவார், அவர் வீட்டுக்கு யார் பாதுகாப்பு?

இன்று இந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட விடை இருக்கிறது. 1961 ஏப்ரலில் உருவான வியன்னா உடன்படிக்கை, தூதரக வளாகம் என்பதில் தூதரின் இல்லத்தையும் சேர்த்தே வரையறுக்கிறது. அவருடைய ஒப்புதல் இல்லாமல் உள்ளூர்க் காவலர் அந்த வாசலைத் தாண்ட முடியாது. அந்த வீட்டின் மேல் அவர் தம் நாட்டுக் கொடியை ஏற்றலாம். வளாகத்துக்கான இடம் கிடைக்க உதவுவது, அதைத் தாக்குதலில் இருந்து காப்பது இரண்டுமே வரவேற்கும் நாட்டின் கடமை. இந்தியா 1965-இல் இதில் சேர்ந்தது. இந்த விதிகளுக்குப் பின்னால், இடம் கிடைக்காமலும் காவல் கிடைக்காமலும் எரிந்துபோன வீடுகளின் நீண்ட அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவத்தில் ஒரு பங்கு இந்தக் கரையிலும் நேர்ந்தது.

தூதர் ஓர் ஊரில் நிரந்தரமாக வீடு எடுத்துத் தங்குவது உலகத்துக்கே ஓரளவு புதிய வழக்கம்தான். பழைய நாளில் தூது சென்றவர் சேதியைச் சொல்லி, பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் காஞ்சியில் வீடு பிடித்துத் தங்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய நகர அரசுகள்தான் ஒருவர் நகரில் மற்றவர் ஆளை ஆண்டுக்கணக்கில் குடியமர்த்தும் பழக்கத்தை ஊன்றச் செய்தன. அரசாங்கமே தூதருக்கென்று சொந்த வீடு வாங்குவது இன்னும் பிந்தி வந்தது. 1814-இல் நெப்போலியனின் தங்கை பவுலீன் போர்கேசேயிடம் இருந்து வெலிங்டன் பிரபு பாரிசில் வாங்கிய மாளிகை அதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. இன்றும் பாரிசில் பிரிட்டிஷ் தூதர் வசிப்பது அந்த மாளிகையில்தான்.

இதே கரையில் இருந்த காயல் துறைமுகம், அந்நிய ஆள் நிலையாகத் தங்கும் வழக்கத்தை வேறொரு வழியில் 13-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தி இது. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியர் பணம் கொடுத்தாக வேண்டும். இவ்வளவு பெரிய கணக்கைப் பார்த்துக்கொள்ள ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் இங்கேயே இருந்தார். காயல் உள்ளிட்ட மூன்று துறைகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவரே பாண்டியரின் அமைச்சரும்கூட.

அனுப்பியவருக்கும் அவரே ஆள், ஏற்றுக்கொண்டவருக்கும் அவரே ஆள். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு மதில் தேவைப்பட்டிருக்காது. இரு தரப்புக்கும் ஒரே மனிதர் கைகொடுத்த இந்த ஏற்பாடு, பின்னால் வந்த ஐரோப்பியர் யாருக்கும் அமையவில்லை. அவர்கள் கொண்டுவந்த சரக்கைவிட அவர்கள் கேட்ட உரிமைதான் அதற்குக் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது. கீஷ் அரசர் குதிரை விற்றார். பறங்கியர் கடலையே கேட்டார்கள்.

1523-இல் போர்த்துகீசியர் இந்தக் கரைக்கென்று ஓர் அதிகாரியை நியமித்தனர். முத்துக்குளிப்பில் இருந்து தொகை வசூலிப்பது அவர் வேலை. அடுத்த பத்து ஆண்டுகளில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே மோதல் முற்றியது. அப்போது பரதவர்களுக்கு வழிகாட்டியவர் ஜான் தா குரூஸ். கோழிக்கோட்டைச் சேர்ந்த இவர், 1513-இல் அந்நகரின் அரசர் சாமூதிரியின் சார்பில் லிஸ்பனுக்குப் போய், அங்கே கிறிஸ்தவராகித் திரும்பியவர். இந்தியக் கடற்கரையில் இருந்து ஐரோப்பிய அரசவைக்குப் போய் வந்த முதல் தலைமுறை ஆட்களில் ஒருவர். போர்த்துகீசியர் வீட்டுக்குள் பேச்சு எப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் சொன்னபடி பரதவப் பெரியவர்கள் கொச்சிக்குத் தூது போனார்கள். பாதுகாப்புக்கு விலையாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1530-களின் நடுவில் இருபதாயிரம் பேர் வரை மதம் மாறியதாகக் கணக்கு. இந்தத் தூதில் கரையோரத்து மக்கள் தாமே ஓர் அரசு போல நடந்துகொண்டார்கள் என்பது கவனிக்கத் தக்கது. மதுரைக்கோ கயத்தாற்றுக்கோ போகாமல், கடல் வழியே இன்னொரு வல்லரசின் வாசலுக்குப் போனார்கள்.

அந்த வல்லரசின் ஆள் இங்கே எவ்வளவு பத்திரமாக இருந்தார்? 1544 அதற்கு விடை சொல்லியது. அப்போதைய கப்பித்தான் கோஸ்மே தே பைவா. கயத்தாற்றுப் பாண்டியர் வெட்டும்பெருமாளுக்கு அவர் குதிரை விற்று வந்தார். திருவிதாங்கூருக்கும் வெட்டும்பெருமாளுக்கும் போர் நடந்துகொண்டிருந்த நேரம். குதிரை விற்கிறவர் நடுநிலையாளராக இருக்க முடியாது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆலந்தலையில் இருந்த பிரான்சிஸ் சவேரியாருக்குச் செய்தி வந்தது: வடுகப் படை கப்பித்தானின் கப்பலையும் வீடுகளையும் எரித்துவிட்டது, அவர் தீவுகளுக்குள் ஒதுங்கியிருக்கிறார். சவேரியாருக்கும் கப்பித்தானுக்கும் ஒத்துப்போகவில்லை. அவருடைய நடத்தையைக் கடிதங்களில் கடுமையாகக் கண்டித்தவர் சவேரியார். ஆனாலும் உடனே தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதினார்: புன்னைக்காயல் மக்களிடம் சொல்லித் தோணிகளில் தண்ணீரும் உணவும் ஏற்றித் தீவுக்கு அனுப்புங்கள்.

அந்த இரண்டு வரிக் கட்டளையில் அன்றைய நிலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. லிஸ்பன் அரசரின் பெயரால் வரி வாங்கியவர், தண்ணீருக்குப் பரதவரின் தோணியை எதிர்பார்த்துத் தீவில் உட்கார்ந்திருந்தார். பாதுகாப்புத் தருவதாக வாக்குக் கொடுத்தவரைப் பாதுகாப்புக் கேட்டவர்கள் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஒல்லாந்தர் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள். 1645-இல் காயல்பட்டினத்தில் பண்டகசாலை திறந்தார்கள். திருமலை நாயக்கருக்கும் அவர்களுக்கும் உறவு நிலைக்கவில்லை. போர்த்துகீசியரின் தூண்டுதலும் சேர்ந்துகொண்டது. 1640-களின் கடைசியில் ஒல்லாந்தப் படை தூத்துக்குடியைச் சூறையாடியது, திருச்செந்தூர் முருகன் கோயிலைப் பிடித்து அதற்குள்ளேயே தங்கியது. கரையில் நிலையாகத் தங்க இடம் கிடைக்காதவர்கள், அந்தக் கரையில் இருந்த மிக உறுதியான கல் கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். சண்முகர் சிலையை அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோனதும், வடமலையப்ப பிள்ளை அதைக் கடலில் இருந்து மீட்டதும் இன்றுவரை அங்கே சொல்லப்படுகிற வரலாறு. ஒரு வணிகக் கம்பெனி தன் தங்குமிடச் சிக்கலைத் தீர்த்துக்கொண்ட விதம் ஒரு வட்டாரத்தின் நினைவில் மூன்றரை நூற்றாண்டாக ஆறாமல் இருக்கிறது.

1658-இல் ரைக்லோஃப் வான் கூன்ஸ் போர்த்துகீசியரிடம் இருந்து தூத்துக்குடியைப் பிடித்தார். அதன் பிறகு ஏறத்தாழ ஒன்றே கால் நூற்றாண்டு, மதுரைக் கரையின் ஒல்லாந்தத் தலைமை அதிகாரி இங்கேதான் இருந்தார். அவர் கொழும்பு ஆளுநருக்குக் கட்டுப்பட்டவர். வேலையோ பல. திருநெல்வேலிச் சீமையின் துணியை வாங்குவது, வங்காளத்துக்குச் சங்கு அனுப்புவது, முத்துக்குளிப்பை நடத்துவது, நாயக்கரிடமும் பாளையக்காரர்களிடமும் பேசுவது. கணக்கப்பிள்ளை, வணிகர், நீதிபதி, தூதர் நால்வரும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆளாக இருந்தார்கள். இன்றைய தூதரக இல்லத்தில் வரவேற்புக் கூடம் தனி, அலுவலகம் தனி, வணிகப் பிரிவு தனி. அன்று சங்கு மூட்டைக்குப் பக்கத்திலேயே ஒப்பந்தம் எழுதினார்கள்.

பெரிய விவகாரங்களுக்கு மட்டும் தனித் தூதுக்குழு நாயக்க அரசவைக்குப் போகும். 1668-இல் ஹென்ட்ரிக் ஆட்ரியான் வான் ரீட் போனார். பின்னாளில் கொச்சியில் இருந்துகொண்டு, பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ தாவர நூலை உருவாக்கியவர் இவரே. 1689-இல் நிக்கோலாஸ் வெல்ட்டர் போனார். இவர்கள் எழுதிவைத்த குறிப்புகளை வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் பதிப்பித்திருக்கிறார். தூதர் அரசவை ஊரில் விருந்தாளியாக வந்து, பரிசு கொடுத்து, பேட்டிக்குக் காத்திருந்து, திரும்பிவிடுவார். நிரந்தர வீடு கடலோரத்தில்தான். உள்நாட்டு அரசருக்கு இது வசதியாக இருந்தது என்றே எண்ண வேண்டியிருக்கிறது. அந்நியரைக் கடல் விளிம்பில் வைத்துக்கொண்டு, மதில் எழுப்ப விடாமல், வரியை மட்டும் வாங்குவது ஒரு தேர்ந்த அரசியல். சொக்கநாத நாயக்கருக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் கடற்படை கிடையாது. அவர்கள் கையில் இருந்த ஒரே பிடி, அந்தப் பண்டகசாலைக்கு வந்து சேரும் துணியும் அரிசியும் தண்ணீரும் தங்கள் நிலத்தின் வழியாக வர வேண்டும் என்பது. மதில் எழும்பினால் அந்தப் பிடி தளரும்.

1700-இல் மார்த்தேன் பார்த்த சிறு கோட்டைக்கு இந்தப் பின்னணியில்தான் பொருள் கிடைக்கிறது. அது படையெடுப்புக்கான கோட்டை இல்லை. பேரத்தில் கம்பெனி ஒரு படி ஏறியதன் அடையாளம்.

பாளையக்காரர்களிடமும் அந்த வீடு பேசியது. அதற்கு ஓர் அசைக்க முடியாத சான்று உண்டு. 1783-இல் ஆங்கிலத் தளபதி ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, கட்டபொம்மனுக்கும் கொழும்பு ஒல்லாந்த அரசுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் மூலப்படி அங்கே கிடைத்தது. தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முன்பு பட்டத்தில் இருந்தவர் காலம் அது. பாஞ்சாலங்குறிச்சி தூத்துக்குடியில் இருந்து நாள் நடைத் தூரத்துக்குள் இருக்கிறது. கடலுக்கு அப்பால் இருக்கும் ஓர் ஆளுநரோடு எழுத்தில் உடன்பாடு செய்துகொண்ட பாளையத்தை, வெறும் வரி கட்டாத கலகக்காரனின் கூடாரமாக ஆங்கிலேயர் பிற்காலத்தில் எழுதிவைத்தது நியாயம் ஆகாது. அயலுறவு வைத்துக்கொள்ளும் தகுதி உள்ள அரசாகவே ஒல்லாந்தர் அதை நடத்தினார்கள்.

பாஞ்சாலங்குறிச்சி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1801-இல் வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் படை தூத்துக்குடியைப் பிடித்தது. துறைமுக அதிகாரி பேகட் சிறைப்பட்டார். அவருடைய மனைவி பாஞ்சாலங்குறிச்சிக்கே போய் மன்றாட, கணவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைப் பதிவுசெய்தவர்கள் எதிரணியில் நின்ற ஆங்கிலேயர்களே. அந்நிய அதிகாரியின் உயிரைத் தொடாமல் விட வேண்டும் என்று எந்த உடன்படிக்கையும் அன்று அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை.

இந்தக் கப்பித்தான்களும் கம்பெனி அதிகாரிகளும் வந்து போய்க்கொண்டிருந்த காலம் முழுவதும், தூத்துக்குடிக் கடற்கரையில் இன்னொரு வீடு நிலைத்து நின்றது. வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான ஏழு கடல்துறைப் பரதவர்களின் ஜாதித் தலைவரின் வீடு. அவரைப் பாண்டியபதி என்பார்கள், வீட்டுக்கும் அதே பெயர் வழங்குகிறது. ஊர்தோறும் பட்டங்கட்டிகள் அவருக்குக் கீழ். எந்த வல்லரசு வந்தாலும் குளியாட்களும் தோணிகளும் வேண்டுமென்றால் இந்த வாசலுக்கு வந்தாக வேண்டும். முத்துக்குளிப்பில் அவருக்கென்று தனிப் பங்கு உண்டு. போர்த்துகீசியர் ஏற்ற அந்த உரிமையை ஒல்லாந்தரும், பிறகு ஆங்கிலேயரும் ஏதோ ஓர் அளவில் தொடர்ந்தார்கள்.

1658-இல் ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயுஸ் இங்கே வந்து, கத்தோலிக்கத்தை விட்டுத் தம் சபைக்கு வரும்படி பரதவர்களை அழைத்தார். யாரும் அசையவில்லை. துப்பாக்கியும் கப்பலும் வைத்திருந்த கம்பெனி, தன் ஆட்சிக்கு உட்பட்ட ஊரில் தன் மதத்தைப் பரப்ப முடியாமல் தோற்றது. தலைவரையும் மக்களையும் பகைத்துக்கொண்டால் சிப்பி மேலே வராது. ஆகவே கம்பெனி விட்டுக்கொடுத்தது. 1713-இல், ஒல்லாந்தர் ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, பனிமய மாதாவுக்குப் புதிய ஆலயம் எழும்பியது. ஜாதித் தலைவர் தொன் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸ் காலத்தில் செய்த பொன் தேர் 1806-இல் முதன்முதலில் ஓடியது. இவற்றோடு ஒப்பிட, ஒல்லாந்தர் தங்களுக்காக விட்டுச்சென்றது கொஞ்சம். 1750-இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயமும் அதில் உள்ள கம்பெனி முத்திரையும் அவற்றில் முக்கியமானவை. அவர்களுடைய தலைமை அதிகாரியின் வீட்டையும் பாண்டியபதி வீட்டையும் எதிரெதிர் நிறுத்திப் பார்த்தால், யார் யாரிடம் தூது வந்தார்கள் என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் தலைகீழாகிவிடுகிறது.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில் முத்துக்காகவே எழுந்த மாளிகை ஒன்று உண்டு. இலங்கையின் முதல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரெடரிக் நோர்த், 1801 முதல் 1804 வரையிலான ஆண்டுகளில் மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் அதைக் கட்டினார். கிரேக்க பாணித் தூண்கள் இருந்ததால் டோரிக் என்று பெயர். முத்துக்குளிப்புக் காலத்தில் ஆளுநர் வந்து தங்கி மேற்பார்வை பார்ப்பதற்கான வீடு. தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரைக் குளியாட்களும் அங்கே தொழிலுக்குப் போனார்கள். அந்தச் செங்கல் மாளிகை இன்று கடலரிப்பில் துண்டுதுண்டாகச் சரிந்துகொண்டிருக்கிறது. இரு நாடுகளும் சேர்ந்து காக்க வேண்டிய சின்னம் அது.

தூத்துக்குடியை ஆங்கிலேயர் 1782-இல் ஒரு முறை பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மீண்டும் பிடித்தார்கள். 1825 ஜூன் 1-இல் ஊர் நிரந்தரமாக அவர்கள் கைக்குப் போனது. நிலமும் கடலும் ஒரே ஆட்சியின் கீழ் வந்த பிறகு இங்கே தூதருக்கு வேலை இல்லை. தூதுவர் வீடு இருந்த இடத்தில் சப்-கலெக்டரும் துறைமுக அதிகாரியும் வந்தார்கள்.

ஆனால் வேறொரு தேவை முளைத்தது. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தார்கள். இரு கரையும் ஒரே மகுடத்தின் கீழ், இரண்டு தனி நிர்வாகங்களாக இருந்தன. ஆட்களைத் திரட்ட இலங்கைத் தரப்பு 1904-இல் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையம் அமைத்தது. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் நடத்தியது. அக்கரையில் அந்த மக்களின் குறையைக் கேட்க இந்தியாவின் ஆள் ஒருவர் வேண்டும் என்ற கோரிக்கை பலிக்க 1923 வரை ஆயிற்று. அந்த ஆண்டு இந்திய அரசின் முதல் முகவராகப் போனவர் எஸ். ரங்கநாதன். அவர் கொழும்பில் தங்காமல் கண்டியில் தங்கினார். தேயிலைத் தோட்டங்கள் அங்கேதான் இருந்தன.

இந்த முடிவுக்கு உரிய மதிப்பு இதுவரை கிடைக்கவில்லை. ஆளுநர் மாளிகைக்குப் பக்கத்தில் வீடு எடுக்காமல், தன் மக்கள் பாடுபடும் மலைநாட்டில் வீடு எடுத்த பிரதிநிதித்துவம் அது. 1943-இல் எம்.எஸ். ஆனே இந்திய அரசின் பிரதிநிதியாகப் போனார். 1947-இல் வி.வி. கிரி முதல் இந்திய உயர் ஆணையராகக் கொழும்பில் பொறுப்பேற்றார். மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டம் அவர் அங்கே இருந்தபோதுதான் வந்தது. உயர் ஆணையரின் இல்லம் கொழும்பில் நிலைபெற்ற பிறகும், கண்டியில் உதவி உயர் ஆணையர் அலுவலகம் தொடர்கிறது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், இந்தியக் குடியுரிமை கேட்டவர்களின் விண்ணப்பங்கள் அந்த அலுவலகத்தின் வழியாக நகர்ந்தன. 2010-இல் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் திறந்தது. வட இலங்கைக் கடலில் பிடிபடும் தமிழக மீனவர்களைச் சிறையில் சென்று பார்ப்பது அதன் அதிகாரிகளின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. தேவை இருக்கும் இடத்துக்கே அலுவலகம் போனதால் நேர்ந்த நன்மை இது.

எதிர்த்திசையில் அப்படி நடக்கவில்லை. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்போடு தூத்துக்குடிப் பார்களின் பெரிய முத்துக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் கொழும்போடு ஊருக்கு இருக்கும் உறவு முடியவில்லை. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் ஏற்றும் கொள்கலன்களில் பல கொழும்பில் கப்பல் மாறித்தான் உலகத்துக்குப் போகின்றன. 2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ பயணிகள் கப்பல் இரு துறைகளையும் இணைத்து, சில மாதங்களில் நின்றுபோனது. தென்னிந்தியாவுக்கான இலங்கைத் துணை உயர் ஆணையரகமோ சென்னையில் இருக்கிறது, சாலை வழியே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில். கடல் வழியே கொழும்பு அதில் பாதித் தூரம்தான். வலை பறிபோன மீனவர் குடும்பத்தின் மனு மாவட்ட ஆட்சியர், சென்னை, டெல்லி என்று ஏறி இறங்கித்தான் கொழும்பை அடைகிறது. தூத்துக்குடியில் இலங்கை அரசின் சிறிய அலுவலகமும், அதன் அதிகாரிக்கு ஒரு வீடும் அமைந்தால் சரக்குத் தகராறு, தோணிக்காரர்களின் ஆவணச் சிக்கல், பிடிபட்ட படகுகளின் வழக்கு ஆகிய மூன்றையும் முதல் நாளே நேருக்கு நேர் பேசலாம். அந்த அலுவலகத்துக்கு இடம் கிடைக்க உதவுவதும் அதைக் காப்பதும் இந்தியாவின் சட்டக் கடமையாக இருக்கும். மதில் எழுப்ப யாரிடமும் மன்றாட வேண்டியதில்லை.